பூசணி எழுத்து

ஜனவரி 18, ஞாயிறு

இந்த வருஷ டைரியில் கோடுகளை மங்கலாக அடித்துத் தொலைத்திருக்கிறார்கள். போகட்டும். கோடு பார்த்து எழுதுகிற ஆள் நான் இல்லை, கோட்டையே வளைக்கிறவள்.

பொங்கல் முடிந்த கையோடு நல்ல சேதி. தேனமுது ஐஸ் கம்பெனி இசக்கிமுத்து அண்ணாச்சி வீடு தேடி வந்தார். அவருடைய ஐஸ் வண்டிகள் எல்லாவற்றுக்கும் புது எழுத்து வேண்டுமாம்.

"தங்கச்சி, பங்குனி உத்திரத்துக்குள்ள வண்டி ரெடியாயிரணும். அன்னைக்கு நம்ம ஜில்லாவே சாஸ்தா கோயிலுக்குப் போவும். தேரி மணல்ல தூரத்துல வாரவனுக்கு, அந்தா ஐஸ் நிக்குன்னு கண்ணுல அடிக்கணும்."

பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் முதுகில் தடித்த மார்க்கரால் 'ஐஸ்' என்று எழுதிக் காட்டினேன். கூர்மையே இல்லாத எழுத்து. எங்கே தொட்டாலும் உருண்டை. அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏயப்பா, எழுத்தா இது? பூசணிக்காயால்லா இருக்கு!"

அந்த நிமிஷமே பேர் வைத்துவிட்டேன். பூசணி.

பாளையங்கோட்டையில் எழுத்து வரைகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். வரைந்த எழுத்தைப் பார்த்து ஒருவரைச் சிரிக்க வைக்க வடிவு ஒருத்தியால்தான் முடியும். டைரியில் எழுதுவதற்கு என்ன கூச்சம்.

ஜனவரி 23, வெள்ளி

நான் வரைவேன், சலோமி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபான்ட் ஆக்குவாள். மார்க்கெட் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி, ஆனால் மெலிந்த எழுத்துப் பைத்தியம்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் எளைக்க வைக்கலாமா?" என்றாள்.

"எளச்ச எழுத்து பயந்த எழுத்து. இது ஐஸ் வண்டி. பயந்தா உருகிரும்."

இன்றைக்கு 'க' முடிந்தது. விருந்து சாப்பிட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற தாய்மாமன் போல இருக்கிறது. 'ச'வுக்கு நல்ல தொப்பை. 'ம'வை எத்தனை முறை வரைந்தாலும் சிரிக்கத்தான் செய்கிறது. நேற்றை விட இன்று எல்லாவற்றையும் இன்னும் தடிமனாக்கினேன். அப்போதுதான் திருப்தி.

மத்தியானம் வைத்த பால் பாயசத்தில் உப்பைப் போட்டுவிட்டேன். ஒரே மாதிரி டப்பா இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராயிருந்தாலும் இதுதான் நடக்கும். வைத்தவர் என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம். போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது முழு நேரமும் அடுக்களையைத் திருத்தி அமைக்கிறார். மனிதர் அந்தப் பாயசத்தை முகம் சுளிக்காமல் குடித்தார்.

ஜனவரி 29, வியாழன்

விசேஷங்களுக்குப் போடுகிற அவருடைய வெள்ளைச் சட்டைக்கு எல்லாப் பொத்தான்களையும் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். வெள்ளை நூல், கெட்டித் தையல். ஊசி கோக்கத்தான் அரை நாழி ஆனது. இப்போது வருகிற ஊசிகளுக்குக் காதே வைப்பதில்லை.

சட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு வடிவு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் தையலை அவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் அடுக்களைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். டப்பாக்களில் எல்லாம் எழுத்து! உப்பு, சீனி, ரவை, கடுகு. என் பூசணி எழுத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. சலோமியிடம் சொல்லி ஸ்டிக்கராக அடித்து வாங்கினாராம்.

"எதுக்குங்க இது?"

"ஊருக்குள்ள போறதுக்கு முன்ன ஒன் எழுத்து வீட்டுல ஒரு வேலை பாக்கட்டுமே."

பூசணியின் முதல் உபயோகம் என் அடுக்களையில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் எழுத்து மேல் இவருக்கு இத்தனை மோகம் இருப்பது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று. மாடிப்படியின் விளிம்பு ஒவ்வொன்றிலும் சிவப்பு டேப் வேறு ஒட்டியிருக்கிறார். கேட்டால் அழகுக்காம். ஓய்வு பெற்ற மனிதருக்கு ஏதாவது கிறுக்கு வேண்டும்தானே.

பிப்ரவரி 6, வெள்ளி

சலோமியோடு சண்டை.

எழுத்துக்குள்ளே அடைபடாமல் இருக்கிற காலி இடத்தை நாங்கள் இரண்டு பேரும் கண் என்று சொல்வோம். தடித்த எழுத்தில் அதுதான் உயிர். கண் அடைத்துக்கொண்டால் எழுத்து வெறும் கட்டி. அந்தப் பாடத்தை எனக்கே நடத்த வந்துவிட்டாள்.

"அக்கா, 'ண'ல கண்ணெல்லாம் அடஞ்சி போயிருக்கு. கறுப்புக் கட்டியா நிக்கி."

"ஒன் ஸ்க்ரீன்ல கோளாறு."

அச்செடுத்த தாளைக் கையில் கொடுத்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். கிட்டே பிடித்துப் பார்த்தேன்.

"மொதல்ல லைட்டைப் போடு."

"போட்டுத்தாங்கா இருக்கு."

அவளைப் போகச் சொல்லிவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை.

பிப்ரவரி 7, சனி

ரோடு போடுகிறார்கள். ஊரெல்லாம் தூசி. எதுவும் தெளிவாக இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

புது முறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்! இதுவரை எவரும் செய்திருக்க மாட்டார்கள். சலோமியைக் கூப்பிட்டேன். அவளும் ஒன்றும் நடக்காதது போல வந்தாள், நானும் ஒன்றும் நடக்காதது போலக் காப்பி கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் தெர்மோகோலில் ஒரு முழ உயரத்துக்கு வெட்டித் தரச் சொன்னேன்.

திரையில் பார்க்கிற வளைவு பொய் சொல்லும். கை பொய் சொல்லாது. எழுத்தை மடியில் கிடத்தி விளிம்போடு உள்ளங்கையை ஓட்டினால், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தோலே சொல்லிவிடுகிறது. இடறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுவேன், சலோமி திருத்தி மறுபடி வெட்டி வருவாள். 'ண'வின் கண்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. அவள் சொன்னது சரிதான். விரல் போகிற அளவுக்குத் திறக்கச் சொன்னேன். விரல் போகிற இடத்தில் வெளிச்சமும் போகும்.

அம்மாவும் கடைசியில் எங்கள் முகத்தை இப்படித்தான் தடவி

அது வேறு விஷயம். 'ழ' முடிந்தது. பிரமாதம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பூசணி ஊருக்குள் கிளம்பிவிட்டது! சலோமியின் கடைக்கு வருகிறவர்கள் திரையில் பார்த்துவிட்டு அதே எழுத்துதான் வேண்டும் என்கிறார்களாம். ஒரு காதணி விழா, ஒரு மழலையர் பள்ளி, இரண்டு பரோட்டாக் கடை. ஒருவர் தன் மாமனாருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கே கேட்டிருக்கிறார்.

"முடியாதுன்னுட்டேங்கா. செத்தவரு சந்தோசமாப் போனாருன்னு ஊரு நெனச்சிரும்."

"செத்தவரு சந்தோசமில்லட்டி அது, மருமவன் சந்தோசம்."

இரண்டு பேரும் போனில் சிரித்துத் தீர்த்தோம்.

காதணி விழா பேனரை நேரில் பார்க்கப் போனவள் பஸ் மாறி ஏறி வேறெங்கோ இறங்கினேன். பஸ்ஸில் இப்போது எரிகிற எழுத்து வைத்திருக்கிறார்கள். ஒளி சிதறி எல்லாம் ஒரு பூவாகத் தெரிகிறது. அந்த எழுத்தைச் செய்தவரை ஒருநாள் நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

டைரிக்கும் மார்க்கர் பேனா எடுத்துவிட்டேன். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரிதான் கொள்கிறது. என் கையெழுத்தும் பூசணியாகிக்கொண்டு வருகிறது. பெருமைதான்.

இன்று அண்ணாச்சியின் ஷெட்டில் வண்டிகளுக்கு நிறம் பார்த்தோம். பெயிண்ட் அட்டையில் நானே விரல் வைத்துக் காட்டினேன். வண்டிக்கு அடக்கமான சந்தன நிறம், எழுத்துக்குக் கறுப்பு. எழுத்தே துள்ளும்போது நிறமும் துள்ளக் கூடாது. இதெல்லாம் அனுபவம்.

சலோமி இரண்டு தடவை கேட்டாள். "அக்கா, இதுவா? நல்லாப் பாத்துத்தான் சொல்லுதீங்களா?"

"பாக்காம சொல்லுவேனா?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். தொழில் தெரிந்தவர்களை மதிக்கத் தெரிந்த மனிதர்.

மார்ச் 3, செவ்வாய்

மார்க்கெட் முக்கில் ரோட்டைக் கடக்கும்போது பைக் ஒன்று இடித்துவிட்டது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அந்தப் பையன் அழாத குறையாக, "யம்மா, ஹாரன் அடிச்சேனே, என்னைப் பாத்துக்கிட்டேதான நடந்து வந்தீங்க" என்றான்.

அவனைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அவன் தெரியவில்லை.

வீட்டில் இவர் காயத்தைத் துடைத்து மருந்து போட்டார். பிறகு சொன்னார்: "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கியே வடிவு."

நான் என் எழுத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்பது போல நடிக்கப் பார்த்தேன். நடிக்க வரவில்லை. உடைந்து அழுதுவிட்டேன்.

எழுதியே விடுகிறேன். எனக்குக் கண் தெரியவில்லை. போன தீபாவளியிலிருந்தே பனி மூடியது போலத்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் கண் அழுத்தம் வந்து பார்வை போயிற்று. கொண்டுபோனபோது, நரம்பு பட்டுப்போயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதே வார்த்தையை நானும் கேட்க வேண்டுமே என்றுதான் ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைக்கவில்லை. பூசணியையாவது முடித்துவிட்டுக் குருடாகலாம் என்று இருந்தேன்.

"நாளான்னைக்குப் போறோம்" என்றார். சரி என்றேன்.

மார்ச் 5, வியாழன்

புரை!

வெறும் புரை. ஊரில் பாதிப் பேருக்கு வருகிற புரை. கண் அழுத்தம் இல்லை, நரம்பு நன்றாக இருக்கிறது, அம்மாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை. டாக்டர் சின்னப் பெண். "நல்லா முத்திப் போச்சும்மா. இவ்ளோ நாளா எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். ரெண்டு கண்ணுக்கும் ஆபரேஷன், முதலில் வலது.

சந்தோஷத்தில் அழுதேன். பஸ்ஸில் வரும்போது கோபமும் வந்தது. எதிர்வீட்டுச் செல்லம்மாளுக்கு வந்த அதே சாதாரணப் புரைக்குப் பயந்தா இத்தனை மாதம் செத்துப் பிழைத்தேன்? இவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

ஆனால் அந்தப் பெண் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "உள்ள லென்ஸ் பழுத்து மஞ்சளாயிட்டும்மா. நீங்க இப்ப பாக்கிற கலர் எதுவும் உள்ளபடி கலர் இல்ல. ஆபரேஷன் முடிஞ்சி பாத்தா அசந்துருவீங்க."

எனக்குப் பெயிண்ட் அட்டை ஞாபகம் வந்தது. இறங்கியதும் சலோமிக்குப் போன் போட்டேன். "வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சாச்சா?"

"அடிச்சி, எழுத்தும் ஒட்டியாச்சிக்கா."

"என்ன கலருட்டி?"

"நீங்களே வந்து பாத்துக்கோங்கக்கா."

மார்ச் 12, வியாழன்

வலது கண் முடிந்தது. எழுதக் கூடாதாம். இது திருட்டுத்தனமாக எழுதியது.

மார்ச் 14, சனி

சுவர் வெள்ளையாக இருக்கிறது. வெள்ளை என்றால் நீலம் போட்டு வெளுத்த வெள்ளை. இத்தனை நாளும் இந்த வீட்டுக்குச் சந்தன நிறச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவருக்குக் காதோரம் முழுக்க நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது? கேட்கவில்லை.

மாடிப்படியின் சிவப்பு டேப்பைப் பார்த்தேன். அழகுக்கு ஒட்டியதில்லை அது. கடைசிப் படியில் உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுக்களைப் பக்கம் போகவில்லை. புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் டாக்டர் சொல்லைத் தட்டாதவள். அறையில் அடுக்கியிருக்கும் தெர்மோகோல் எழுத்துகளையும் வேட்டி போட்டு மூடச் சொன்னேன், தூசி படியாமல் இருக்க. இவர் மூடினார்.

மார்ச் 16, திங்கள்

இவர் வைத்த சாம்பார். கடவுளே.

மார்ச் 22, ஞாயிறு

தூசியுமில்லை, புகையுமில்லை. பயம்.

கண் தெரியாதபோது இருந்த தைரியம் கண் வந்ததும் போய்விட்டது. முப்பது வருஷமாக எழுத்து வரைகிறேன். ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. பூசணியை மட்டும் மூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து செய்து ஊருக்குள் அனுப்பிவிட்டேன். அது அழகு என்று நான் நினைத்ததெல்லாம் என் புரையின் அழகாக இருந்தால்? வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு முறை பக்கத்தில் போய்த் திரும்பி வந்தேன்.

சலோமி பார்க்க வந்தாள். எழுத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 1, புதன். பங்குனி உத்திரம்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

காலையிலேயே எங்கள் குலசாமி சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பினோம். இவர் விசேஷச் சட்டை போட்டிருந்தார். நான் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. சலோமியும் கூட வந்தாள். "ஒங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லலக்கா, நான் வண்டியப் பாக்க வாரேன்" என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து தேரி மணல், கால் புதைகிற செம்மணல் மேடு. பொங்கல் பானையும் பிள்ளைகளுமாக ஜனம். கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் சாயங்காலமாகத் தெரிந்தது.

பனைக் கூட்டத்தைத் தாண்டியதும் இவர் நின்றார். "வடிவு, கண்ணாடியக் கழத்து."

"வெயிலு ஆகாதுன்னு டாக்டர்..."

"கழத்துட்டி."

கழற்றினேன்.

செம்மணலுக்கு நடுவில், பனைமரங்களுக்குக் கீழே, எலுமிச்சம்பழ மஞ்சளில் வண்டிகள். சந்தனமாவது ஒன்றாவது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். அதன் மேல் எழுத்து கறுப்பு இல்லை, கத்தரிப்பூ ஊதா! தேனமுது ஐஸ். குச்சி ஐஸ். சேமியா ஐஸ். கிண்ண ஐஸ். தூரத்திலிருந்தே ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது. தொப்பையைத் தள்ளிக்கொண்டு, ஒன்றின் தோள்மேல் ஒன்று கை போட்டுக்கொண்டு, இடம் போதாமல் சிரித்துக்கொண்டு.

அழகு. என் புரையின் அழகு இல்லை. அதுவே அழகு.

எங்களை முந்திக்கொண்டு போன ஒருவர், தலையில் பானையோடு, பெஞ்சாதியிடம், "அந்தா ஐஸ் வண்டி நிக்கி, பிள்ளேளுக்குத் தெரியாம இந்தப் பக்கமாப் போயிருவோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். ஓடியிருப்பேன், மணல் விடவில்லை.

வண்டி பக்கத்தில் போய் 'ண்ண' இரண்டையும் பார்த்தேன். கண்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. விரலை வைத்து வளைவை ஓட்டினேன். கை பார்த்ததும் கண் பார்ப்பதும் ஒன்றாகவே இருந்தன.

"'து'வோட வாலு ஒரு பொட்டு தடிச்சிருக்கு" என்றேன்.

"அது நான் போட்டதுக்கா" என்றாள் சலோமி.

"அதான பாத்தேன்."

அவள் முகம் வாடுவதற்குள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "'ண'வோட கண்ணத் தொறக்கச் சொன்னவ நீதான். நான்தான் ஒன்னைய வெளிய போன்னேன். பூசணியில ஒன் பேரும் சேந்துதான் வரணும். வடிவு, சலோமி. இதுல பேச்சுக் கிடையாது."

இசக்கிமுத்து அண்ணாச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "தங்கச்சி! மத்த ஐஸ்காரன்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கான். இப்பிடி ஒரு எழுத்து, இப்பிடி ஒரு கிறுக்குக் கலரு, வேற எவனுக்கும் தோணாது. ஒங்களுக்கு மட்டும் எப்பிடித் தோணுச்சி?"

அனுபவம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"கண்ணு தெரியல அண்ணாச்சி" என்றேன். "எனக்குத் தெரியற அளவுக்குக் குண்டாக்கிக்கிட்டே போனேன். கலரு, சந்தனமும் கறுப்பும்னு நெனச்சிச் சொன்னது."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். திரும்பி வண்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "கண்ணு தெரியாம இதுன்னா, இனி என்னெல்லாம் செய்யப் போறீங்களோ தாயி" என்று சொல்லிவிட்டு எங்கள் மூன்று பேருக்கும் கிண்ண ஐஸ் எடுத்து வந்தார்.

பனை நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் இவருடைய சட்டையைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. பொத்தான் ஒவ்வொன்றிலும் மஞ்சள் நூல். வண்டிக்குப் போட்ட அதே எலுமிச்சை மஞ்சள். இதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறார்.

"எப்பத் தெரிஞ்சிது ஒங்களுக்கு?"

"நீ இதத் தைச்சிக் குடுத்த அன்னைக்கே."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ கேக்கவா போற?" என்று ஐஸை வழித்துத் தின்றார். "அதான் டப்பாவுல எழுதிப் போட்டேன்."

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் அடுக்களைக்குப் போனேன். உப்பு, சீனி, ரவை, கடுகு. அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. 'கடுகு' கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது. ஒட்டியவருக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்.

இவர் ஒரு கத்தியோடு வந்தார். "இனி எதுக்கு வடிவு? எல்லாத்தையும் உரிச்சிரட்டுமா?"

"கையை வச்சுப் பாருங்க!"

பயந்து கத்தியைக் கீழே வைத்தார். காப்பி போட்டேன், சீனிதான் போட்டேன். பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெள்ளைதான் என்று உறுதி செய்துகொண்டு, ஊசியில் ஒரே தடவையில் கோத்தேன்.

"அந்தச் சட்டையைக் குடுங்க. பொத்தானையெல்லாம் மாத்தித் தைக்கேன்."

"அத எதுக்குத் தொடுத?" என்றார். கொடியிலிருந்து சட்டையை உருவி, மடித்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.